விபத்துக் காணொளி: காப்பதா, அழிப்பதா?

சாலை விபத்தில் ஒருவர் உயிரிழந்த செய்தி வீட்டிற்கு வந்துசேரும் முன்பே, அவ்விபத்தின் காணொளி உறவினர்களின் கைபேசிகளுக்கு வந்துவிடுகிறது. பிணவறையின் வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர், "இதை வைத்திருக்க வேண்டுமா, அழித்துவிடலாமா?" என்று எங்களிடம் வினவுகின்றனர். மூலப் பதிவு ஒன்று உரியவர் கையில் பாதுகாக்கப்பட வேண்டும். மற்ற நகல்கள் யாவும் அழிக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் பரிந்துரை. அதற்கான காரணங்களை இங்கே விளக்குகிறோம்.

ஏன் காக்க வேண்டும்?

எந்த வண்டி எத்திசையிலிருந்து வந்தது, நிற்காமல் சென்ற வண்டி எது என்பவற்றைச் சொல்ல, இறந்தவர் இல்லை. பல வழக்குகளில் அவருக்காகப் பேசும் சாட்சி அந்தப் பதிவு மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் அளிக்க வேண்டும். துயரத்தில் இருக்கும் குடும்பத்திற்கு இது குறுகிய காலம்.

பதிவுக்குரிய காலம் அதனினும் குறுகியது. கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உள்ள சிசிடிவி கருவிகளில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படுகிறது. சில இடங்களில் இது ஒரு வாரத்திலேயே நிகழ்ந்துவிடும். எனவே, குடும்பத்தில் சற்று நிதானமாக இருக்கும் ஒருவர், விபத்து நடந்த இடம், நாள், நேரம், முதல் தகவல் அறிக்கையின் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அப்பதிவைக் கைப்பற்றிப் பாதுகாக்குமாறு காவல் நிலையத்தில் விரைவில் எழுத்து மூலம் கோருதல் நலம்.

வாட்ஸ்அப் வழியாக வந்த நகல், மூலப் பதிவுக்கு ஈடாகாது. அனுப்பும்போது அதன் தரம் குறைகிறது. எடுக்கப்பட்ட நேரம் முதலிய விவரங்களும் நீங்கிவிடுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக அளிக்கும்போது உரிய சான்றிதழையும் கோருகிறது. ஆகவே, காணொளியை எடுத்தவர் யார் என்று தெரிந்தால், தம் கைபேசியிலுள்ள மூலத்தை அழிக்காமல் காவல் துறையினரிடம் ஒப்படைக்குமாறு அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் மற்றவற்றை அழிக்க வேண்டும்?

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்தன. அதன் பிறகு நடந்த ஓர் ஆய்வில், அடுத்த வாரத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்நிகழ்வு பற்றிய செய்திகளையும் காட்சிகளையும் பார்த்தவர்களிடம், நிகழ்விடத்திலேயே இருந்தவர்களைக் காட்டிலும் மிகுதியான கடும் மன அழுத்தம் காணப்பட்டது. அறியாதவருக்கு நேர்ந்ததைப் பார்ப்பதே இவ்வாறெனில், தம் மகனுக்கோ மனைவிக்கோ நேர்ந்ததை மீண்டும் மீண்டும் பார்ப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவு தவறான கைகளுக்குப் போவதன் துன்பமும் பெரிது. 2006இல் கலிபோர்னியாவில் ஒரு சாலை விபத்தின் படங்களை நெடுஞ்சாலைக் காவல் பணியாளர் இருவர் வெளியாருக்கு அனுப்ப, அவை இணையமெங்கும் பரவின. அக்குடும்பத்தினர் வழக்குத் தொடுக்க உரிமையுடையவர்கள் என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பரவிய படங்களை முற்றிலும் திரும்பப் பெற இயலவில்லை.

காப்பதும் மறைப்பதும் ஒருங்கே இயலும் என்பதற்கு விமான விபத்து விசாரணை நல்ல சான்று. அமெரிக்காவில் விமானி அறையின் குரல் பதிவு விசாரணைக்காகப் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் விசாரணை அமைப்பு அந்த ஒலியைப் பொதுமக்களுக்கு வெளியிடச் சட்டம் தடை செய்கிறது. விசாரணைக்குத் தொடர்புடைய பகுதி எழுத்து வடிவில் மட்டும் வெளியாகிறது. உண்மை வெளிப்படுகிறது, இறுதிக் குரல் காட்சிப்பொருள் ஆவதில்லை.

பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால்

"வலித்திருக்குமா? உடனே உயிர் போயிற்றா?" என்னும் கேள்விகளே பலரைக் காணொளியின்பால் இழுக்கின்றன. இவற்றிற்குக் காணொளியைவிட மருத்துவரே தெளிவாக விடை கூற இயலும், தயங்காமல் கேளுங்கள். அதன் பின்னும் பார்க்க விரும்பினால் அது உங்கள் உரிமை. முதலில் நம்பிக்கைக்குரிய ஒருவர் பார்த்து, அதில் உள்ளதை உங்களுக்குச் சொல்லட்டும். பின்னர், தனிமையிலோ இரவிலோ அல்லாமல், ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எவ்விடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். பார்க்க மறுப்பது அன்பின் குறைவன்று. குழந்தைகளின் கைக்கு எட்டும் கைபேசிகளில் இக்காணொளி இருத்தல் கூடாது. உறவினர் குழுக்களில் வந்திருந்தால், அனுப்பியவரிடமே அனைவருக்குமாக நீக்கும்படி கேளுங்கள்.

ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களாயின் அச்சம் வேண்டா. அக்காட்சி கேளாமலே மனத்தில் எழுதல், உறக்கமின்மை, அவ்வழியே செல்ல அஞ்சுதல் ஆகியவை முதல் சில வாரங்களில் பலருக்கும் நேர்வன. ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்தாலோ, அன்றாட வாழ்வைத் தடுத்தாலோ மனநல மருத்துவரை அணுகுங்கள். சிகிச்சையால் குணம் பெறலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் காத்திராதீர்கள். டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

விபத்தை நேரில் காண்போருக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. முதலில் 108ஐ அழையுங்கள். உங்களிடம் பதிவு இருப்பின் அதைக் காவல் துறையிடம் சேருங்கள், வேறெவருக்கும் அனுப்பாதீர்கள். அதைப் பெறும் கைபேசிகளுள் ஒன்று இறந்தவரின் தாயுடையதாக இருக்கலாம்.