நாற்பது அம்புகள் ஆறாகும் விந்தை

வட்டமேசையைச் சுற்றி ஐந்து ஞானிகள். ஒவ்வொரு இருவருக்கும் நடுவே ஒரு முள்கரண்டி. சாப்பிட வேண்டுமானால் ஒருவருக்கு இரு பக்கத்துக் கரண்டிகளும் வேண்டும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965-இல் எழுப்பிய புதிர் இது. பல வேலைகள் ஒரே பொருளுக்குப் போட்டியிடும் கணினிகளுக்கும் இதே சிக்கல்தான்.

இதைப் படமாக வரைய ஒரு முறை உண்டு: பெட்ரி வலை. ஜெர்மானியர் கார்ல் ஆடம் பெட்ரியின் 1962-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடு இதற்கு வித்திட்டது. வட்டம் என்றால் இடம், கட்டம் என்றால் நிகழ்வு, இரண்டையும் இணைப்பது அம்பு. இடங்களில் டோக்கன்கள், அதாவது அடையாள வில்லைகள், இருக்கும். உள்ளே வரும் அம்புகள் கேட்கும் டோக்கன்கள் எல்லாம் சேர்ந்தால்தான் நிகழ்வு நடக்கும்.

நம் ஞானிகளை இப்படி வரைந்தால் 15 வட்டம், 10 கட்டம், 40 அம்பு வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட் யென்சன் உருவாக்கிய வண்ணப் பெட்ரி வலையில் டோக்கனே தகவலைச் சுமக்கிறது: 'நான் மூன்றாம் ஞானி'. அதனால் 'சிந்திப்போர்', 'சாப்பிடுவோர்', 'சும்மா கிடக்கும் கரண்டிகள்' என மூன்றே வட்டம் போதும். 'எடு', 'வை' என இரண்டு கட்டம். ஆறு அம்பு.

அந்த ஆர்ஹூஸில் பிறந்த சிபிஎன் டூல்ஸ் என்ற மென்பொருளில் இதை வரைவது தனி இன்பம். வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்கு அம்பு இழுத்தால் ஏற்காது. இடையில் நிகழ்வு இருந்தே ஆக வேண்டும். எந்த வகை டோக்கன் தங்கும் என்பதை ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும் எழுத வேண்டும். கரண்டி அம்பின் மேல் 'இவருடைய எண்ணுள்ள கரண்டி, அதற்கடுத்தது' என்ற சூத்திரம். எழுத எழுதவே மென்பொருள் சரிபார்க்கிறது. பிழை இருந்தால் அந்த உறுப்பைச் சுற்றிச் சிவப்பு ஒளிரும். நடக்கத் தயாரான நிகழ்வைச் சுற்றிப் பச்சை. ஐந்து ஞானிகளை நூறாக்க ஓர் எண்ணை மாற்றினால் போதும், படத்தில் ஒரு கோடுகூட அதிகமாகாது.

இப்போது 'எடு' கட்டத்தை அழித்துவிட்டு 'இடது எடு', 'வலது எடு' என இரண்டு கட்டங்களையும், நடுவே 'ஒன்றோடு காத்திருப்போர்' என்ற வட்டத்தையும் வரையுங்கள். சின்னத் திருத்தம்தான். ஆனால் ஓடவிட்டு, ஐவரையும் இடது கரண்டியை எடுக்க வையுங்கள். பச்சை எங்குமே இல்லை! ஒவ்வொருவரும் அடுத்தவர் கையிலுள்ள கரண்டிக்காகக் காத்திருக்கிறார். யாரும் சாப்பிடப் போவதில்லை.

இந்த முட்டுக்கட்டை கண்ணில் படும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வலை போய்ச் சேரக்கூடிய எல்லா நிலைகளையும் மென்பொருளே தேடித் தரும். முதல் வலைக்கு மொத்தம் 11 நிலைகள், அவற்றில் எதுவும் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. திருத்திய வலையில் அப்படி நிற்கும் நிலை ஒன்றே ஒன்று. நிஜ அமைப்பில் அது வருடக்கணக்கில் தலைகாட்டாமலே இருந்துவிட்டு ஒருநாள் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

சிபிஎன் டூல்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்து ஞானிகளிலிருந்தே தொடங்குங்கள்.