கசப்பு தெரியாத நாக்கும் குடிநோயும்

எல்லோர் நாக்குக்கும் கசப்பு ஒரே அளவில் தெரிவதில்லை. 1931-ல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் கையாண்ட பி.டி.சி. என்ற வேதிப்பொருளின் தூள் காற்றில் பறந்தது. உடன் இருந்தவருக்குக் கடுங்கசப்பு. ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணமான டாஸ்2ஆர்38 மரபணுவை, ஏழாவது குரோமோசோமில், டென்னிஸ் டிரேனாவின் குழு 2003-ல் கண்டறிந்தது. அது உருவாக்கும் புரதத்தில் மூன்றே இடங்களில் அமினோ அமிலம் மாறினால் அந்தக் கசப்பு ஏறக்குறைய மறைந்துவிடும்.

மதுவிலுள்ள எத்தனாலுக்குக் கசப்பும் எரிச்சலும் உண்டு. அவை தூக்கலாகத் தெரிபவர் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்பார். மங்கலாகத் தெரிபவருக்கு அந்தத் தடை இல்லை. வலேரி டஃபி குழுவின் 2004 ஆய்வில், டாஸ்2ஆர்38-ன் மாறிய வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் கூடுதலாகக் குடித்தனர். 2006-ல் அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், டாஸ்2ஆர்16 என்ற வேறொரு கசப்பு மரபணுவின் உணர்வு குறைந்த வடிவத்தைக் குடிநோயுடனேயே தொடர்புபடுத்தினர். கூடுதலாகக் குடிப்பது வேறு, குடிக்கு அடிமையாவது வேறு. டாஸ்2ஆர்38 பற்றிய சான்றுகள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியவை.

தமிழ்நாட்டில் நாக்கின் இந்தக் காவலை மீறுவது எளிது. இங்கே பரவலாக விற்கும் பிராந்தியில் எத்தனால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, கோலா கலந்து, மடமடவென்று விழுங்கி, உடனே ஊறுகாயைத் தொட்டு நக்குகிறார்கள். கோலாவின் சர்க்கரை கசப்பை மறைக்கிறது. ஊறுகாயின் உப்பும் கசப்பை அமுக்கும். சுவைக்க நேரமே தராத இந்தக் குடிமுறையில், கசப்பை நன்கு உணரும் மரபணுவும் பெரிதாகக் காப்பாற்றாது.

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழியிலும் ஆபத்து வரும். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூக்கம் வராமல் குடிக்கத் தொடங்குபவர் சுவைக்காகக் குடிப்பதில்லை. மது சீக்கிரம் தூங்க வைக்கும். பிறகு அந்தத் தூக்கத்தையே கலைக்கும். அடுத்த நாள் அளவு கூடும்.

குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி பரம்பரையால் அமைவதாக இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் சுவை மரபணுக்களின் பங்கு சிறியது. மதுவைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களுக்கே சான்று வலுவானது. கிழக்காசியர் பலருக்குக் குடித்ததும் முகத்தைச் சிவக்க வைத்துக் குமட்டச் செய்யும் ஏஎல்டிஎச்2 மரபணு மாற்றம் பெரும் பாதுகாப்பு. இந்தியரிடம் அது அரிது.

ஆகவே பி.டி.சி. தோய்த்த தாளை நாக்கில் வைத்துப் பார்த்து ஒருவர் குடிநோயாளி ஆவாரா என்று சொல்ல முடியாது. பெற்றோருக்குக் குடிநோய் இருந்ததா, எந்த வயதில் குடி தொடங்கியது என்ற இரண்டு கேள்விகள் மருத்துவருக்கு அதைவிட அதிகம் சொல்லும்.