சர்க்கரையும் மனச்சோர்வும் சேரும்போது பசி ஏன் அடங்குவதில்லை?

சாயங்காலம் சாத்தூர் காராச்சேவு, வாரச் சம்பளம் வந்ததும் விருதுநகர் எண்ணெய் பரோட்டா, விசேஷமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் இருப்பவருக்கு இவை வெறும் தின்பண்டங்கள் அல்ல, அன்றைய நாளில் கிடைத்த ஒரே ஆறுதலாகவும் இருக்கலாம். எடை ஏறத் தொடங்கினால் வீட்டில் உடனே "வாயைக் கட்டு" என்பார்கள். அடங்காத பசிக்கு லோ சுகர், மாத்திரை, மனசு என்று மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். எது உங்களுடையது என்று தெரியாமல் வாயைக் கட்டினால், சில நாள் பட்டினி கிடந்து மறுபடி அள்ளிச் சாப்பிடுவதில்தான் முடியும்.

லோ சுகர் பசி

தீபாவளி நெருங்கும்போது சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் வேலை மும்முரமாகும். செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வெறிகொண்ட பசி எல்லாம் வரும். பட்டாசு மருந்துக் கலவையைக் கையாளும் இடத்தில் கை நடுங்குவது உயிருக்கே ஆபத்து. உடனே வேலையிலிருந்து விலகிவிடுங்கள்.

மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். தேறியதும் சாப்பிடுங்கள். பால்கோவா இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அடிக்கடி இப்படி வந்தால் மருந்தின் அளவை டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும். மருந்துக்காக மேலும் மேலும் சாப்பிட்டுக்கொண்டே போனால் எடைதான் ஏறும்.

மாத்திரையால் ஏறும் எடை

இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. மனநல மருந்துகளில் மிர்டசபின், அமிட்ரிப்டிலின், ஒலன்சபின் ஆகியவை பசியைத் தூண்டும். மெட்ஃபார்மின் பொதுவாக எடையைக் கூட்டாது. செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவற்றால் எடை ஏறுவது குறைவு.

இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம் வரும், நோயும் திரும்பக்கூடும். மெலிவதற்காக இன்சுலினைக் குறைத்துப் போடுவது உயிருக்கே உலை வைக்கும். "இந்த மாத்திரை தொடங்கிய பிறகு இத்தனை கிலோ கூடியிருக்கிறது, வேறு மாற்ற முடியுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். சுகர் டாக்டர், மனநல டாக்டர் இருவருக்கும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் காட்டுங்கள்.

மனசின் பசி

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கவலை நீடித்தால் உடலில் கார்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடும். அது சர்க்கரையை ஏற்றும், இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் ஆசையைக் கிளப்பும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கும். தூக்கம் கெட்டால் பசி இன்னும் கூடும்.

சிவகாசி வட்டாரத்தில் கவலைக்குப் பஞ்சமில்லை. 2018 அக்டோபரில் பட்டாசில் சேர்க்கும் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து பல வீடுகளில் ஆளைக் கொண்டுபோனது. இத்தனைக்கும் நடுவில் ஒருவர் சாப்பாட்டில் ஆறுதல் தேடினால் அது அவருடைய குணக்கேடு ஆகாது.

இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், எதிலும் நாட்டமில்லாமலோ மனம் சோர்ந்தோ இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்படியானால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். எடையை அடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தட்டில் என்ன மாற்றலாம்?

பிடித்ததை அடியோடு விலக்காதீர்கள், அளவை மட்டும் மாற்றுங்கள். காராச்சேவை அரைக் கிலோ வாங்கி வீட்டில் வைத்தால் கை தானாகப் போகும். 50 கிராம் வாங்கி, தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாலு பரோட்டா சால்னாவுக்குப் பதில் இரண்டு பரோட்டா, முட்டை, வெங்காயம், வெள்ளரி போதும். சாயங்காலப் பசிக்குச் சுண்டலோ ஒரு கைப்பிடி நிலக்கடலையோ நல்லது. கம்பும் குதிரைவாலியும் நல்ல தானியங்கள்தான், ஆனால் அவையும் மாவுச்சத்து. கூழ்தானே என்று செம்பு செம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

நேரத்துக்குச் சாப்பிட்டும் பசித்தால், லோ சுகர் இல்லை என்று உறுதியானபின், பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தெருவில் ஒரு நடை போங்கள், யாரிடமாவது பேசுங்கள். அதன்பிறகும் பசித்தால் சாப்பிடுங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் பட்டினி போடாதீர்கள். 80 கிலோ எடையுள்ளவர் நாலு கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியும். வாரத்துக்கு 150 நிமிட நடை எடைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

யாரிடம் போவது?

இரண்டு நோய்க்கும் சேர்த்து வைத்தியம் பார்ப்பது பலன் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. நோயாளியோடு அடிக்கடி பேசி, விவரத்தை டாக்டர்களிடம் சேர்க்க ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்த பிரிவில், இரண்டு ஆண்டு முடிவில் 100க்கு 72 பேருக்கு மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது தேறியிருந்தது. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் அது 57 பேர்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பணியாளரிடம் "மனசும் சரியில்லை" என்று சொல்லுங்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் அழையுங்கள், துணைக்கு ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தட்டை எண்ணுவதை விட்டுவிட்டு, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். எடை எவ்வளவு கூடியது, எந்த மாத்திரைக்குப் பிறகு கூடியது, மனசு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் டாக்டரிடம் கொடுங்கள்.