கரையொதுங்கிய ரியால்

ரியால் என்றதும் நமக்கு மக்காவும் மதீனாவும் நினைவுக்கு வரும். கடல் கடந்து உழைக்கும் வாப்பாமாரும் காக்காமாரும் அனுப்பும் பணம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல் அறபியில் பிறந்ததல்ல. ஸ்பானிய மொழியில் 'ரெயால்' என்றால் அரசருக்குரியது என்று பொருள். ஸ்பெயின் மன்னர்கள் அமெரிக்கக் கண்டத்து வெள்ளியில் அடித்த காசின் பெயர் அது. எட்டு ரெயால் பெறுமதியான பெரிய வெள்ளிக் காசை உலகமே வாங்கிக்கொண்டது. ஏமனில் கோப்பி வாங்கப் போனவர்கள் கொடுத்ததும் அதைத்தான். ஒல்லாந்தக் கம்பனி தன் கப்பல்களில் ஆசியாவுக்கு ஏற்றி வந்ததும் அதைத்தான். காசோடு பெயரும் பயணம் செய்து அறபு நாவில் ரியால் ஆயிற்று.

நாணயக்குற்றி சேர்ப்பது என் பொழுதுபோக்கு. இந்த ரெயாலைப் பற்றி வாசிக்கப் போன இடத்தில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கடற்கரையில் அது இன்றும் கரையொதுங்குகிறது என்று அறிந்தேன். ஒதுங்கிய துண்டு எந்த ஊரில், எந்த மன்னர் காலத்தில் அடிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கும் முறைதான் என்னை இன்னும் அதிகமாகக் கவர்ந்தது.

முதலில் அது அங்கே வந்த கதை. 1715 ஜூலை 24ஆம் திகதி கியூபாவின் ஹவானாத் துறைமுகத்திலிருந்து 11 ஸ்பானியக் கப்பல்கள் பொன்னும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குப் புறப்பட்டன. கூடவே ஒரு பிரெஞ்சுக் கப்பலும் சென்றது. ஒரு வாரம்தான். ஜூலை 30ஆம் திகதி இரவு சூறாவளி பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் 11 கப்பல்களும் புளோரிடாவின் கிழக்குக் கரையோரம் சிதைந்து போயின. பிரெஞ்சுக் கப்பல் மட்டும் தப்பியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டார்கள். தளபதி உபில்லாவும் அவர்களில் ஒருவர். செபஸ்தியானிலிருந்து போர்ட் பியர்ஸ் வரையுள்ள அந்தக் கரையைப் 'புதையற் கரை' என்று இப்போது பெருமையாக அழைக்கிறார்கள். எனக்கென்னவோ அதை ஒரு மையவாடியாகத்தான் நினைக்கத் தோன்றுகிறது.

வெள்ளி மிதக்காது. பெரும்புயல் கடலடியைக் கிண்டிக் கரை மணலை அரித்துக்கொண்டு போகும்போதுதான், அடியில் கிடந்தவை வெளித்தெரிகின்றன. ஆகவே காசு தேடுவோர் நல்ல வெயில் நாளில் வருவதில்லை. புயல் ஓய்ந்த மறுநாட் காலையில் கருவியோடு இறங்குகிறார்கள்.

கையில் அகப்படுவதைக் காசு என்று நம்புவதே கடினம். கறுத்துக் கோணிய ஒரு தகட்டுத் துண்டு. அந்தக் காலத்து அமெரிக்க அக்கசாலைகளில் காசை வட்டமாக வார்க்கவில்லை. வெள்ளிப் பாளத்தைத் துண்டுகளாக வெட்டி, நிறை கூடினால் கத்தரியால் ஓரத்தை நறுக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். நிறை சரியாயிருந்தால் போதும், உருவத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அச்சு பெரிது, துண்டு சிறிது. அதனால் அச்சின் ஒரு பகுதிதான் காசில் விழும். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

அப்படியானால் எப்படி வாசிப்பது? முதலில் சிலுவையைத் தேட வேண்டும். சிலுவையின் கைநுனிகளில் சிறு உருண்டைகள் இருந்தால் அது மெக்சிக்கோவில் அடித்தது. மறுபக்கத்தில் அரச கேடயமும், அதன் இடப்புறம் 'எம்' எழுத்தும் அதன் தலையில் ஒரு சிறிய 'ஓ'வும் தெரிந்தால் சந்தேகமே இல்லை. அந்தக் குறிக்குக் கீழே உள்ள எழுத்து, வெள்ளியின் தரத்தைப் பரிசோதித்த அதிகாரியுடையது. கப்பல்கள் மூழ்கிய காலத்தில் மெக்சிக்கோவில் அது 'ஜே'. சிலுவைக்கு மறுபக்கத்தில் கேடயத்துக்குப் பதிலாக இரண்டு தூண்களும் அவற்றின் அடியில் அலைகளும் இருந்தால் அது தென்னமெரிக்கக் காசு; 'எல்' என்றால் லீமா, 'பி' என்றால் பொதோசி. பொதோசி என்பது 4000 மீற்றருக்கும் மேலான உயரத்தில், ஒரு வெள்ளி மலையின் அடியில் எழுந்த நகரம். அந்த மலைக்குள் பூர்வகுடி மக்களை முறைவைத்துக் கட்டாயமாக இறக்கி வேலை வாங்கினார்கள். அந்த 'பி'யைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுதான் பெரிய தலையிடி. மெக்சிக்கோக் காசில் அது விளிம்பு எழுத்துக்களோடு சேர்ந்திருப்பதால் பெரும்பாலும் துண்டுக்கு வெளியே போய்விடும். அப்போது கேடயம் கைகொடுக்கும். அதன் நடுவே மூன்று லில்லிப் பூக்கள் கொண்ட சின்னக் கேடயம் இருந்தால், 1700இல் அரசேறிய ஐந்தாம் பிலிப் மன்னருடையது.

நிறையை மட்டும் நம்பக்கூடாது. எட்டு ரெயால் புதிதாக அடிக்கப்பட்டபோது 27 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாயிருந்தது. பொன்னைக் கடல் தொடாது. வெள்ளியையோ உப்பு நீர் அரித்துக் கறுக்கவைத்து, சிலவற்றைக் கடதாசி போல மெல்லிதாக்கி விடும். ஆக, நிறை குறைந்தது போலி என்று சொல்ல முடியாது. மாறாக, இரண்டு காசுகள் அச்சொட்டாக ஒரே வடிவத்தில் இருந்தாலோ, விளிம்பைச் சுற்றி வார்ப்புத் தழும்பு ஓடினாலோ, அது சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பொம்மைக் காசு. பளபளப்பாக்கும் ஆசையில் தேய்க்கிறார்களே, அதுதான் பெருங்கேடு. கறுப்போடு சேர்ந்து அந்த ஓர் எழுத்தும் போய்விட்டால் காசு ஊமையாகிவிடும்.

காசு எவ்வளவு பேசும் என்பதற்குக் கிப் வாக்னர் என்பவரின் அனுபவம் சான்று. வீடு கட்டும் ஒப்பந்தக்காரரான அவர், செபஸ்தியான் கரையில் வெள்ளிக் காசுகளைப் பொறுக்கினார். ஒன்றுகூட 1715க்குப் பிற்பட்டதல்ல என்பது அவர் கண்ணில் பட்டது. பல ஆண்டுகளாகத் தற்செயலாக விழுந்த காசுகள் என்றால் பிந்திய ஆண்டுகளும் கலந்திருக்க வேண்டுமே! அந்த ஒரு கேள்விதான் அவரை 1715 கப்பல்களிடம் கொண்டு சேர்த்தது. யுத்தத்தில் மிஞ்சிய, கண்ணிவெடி தேடும் பழைய கருவி ஒன்றை வாங்கி, உயிர் தப்பியவர்கள் கரையில் அமைத்த முகாமையும் கண்டுபிடித்தார். பின்னர் அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய கம்பனிக்கு 'எட்டு ரெயால்' என்றே பொருள்படப் பெயர் வைத்தார்கள்.

கண்டெடுத்தது யாருக்கு? புளோரிடாவில் கடலுக்கடியில் உள்ளதை நினைத்தபடி அள்ள முடியாது; அனுமதி வேண்டும். எடுத்ததில் 20 வீதம் வரை அரசு தன் நூதனசாலைக்குக் கேட்டு வாங்கலாம். ஐந்தில் ஒன்று! நம் மார்க்கத்திலும் ரிகாஸ் எனப்படும் பழம்புதையலில் ஐந்தில் ஒன்று கொடுபட வேண்டும். அமெரிக்க வெள்ளியில் ஸ்பானிய மன்னர் அறவிட்ட வரிக்கும் 'அரச ஐந்திலொன்று' என்றே பெயர். இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கு எனக்குச் சுவையாயிருந்தது.

வாக்னரைப் போலக் காசைக் கொண்டு கப்பலின் காலத்தை அறிந்த கதை நம் நாட்டிலும் உண்டு. 1961இல் கிரிந்தைக்கு அப்பால், பெரிய பாசஸ் வெளிச்சவீட்டுப் பாறையருகே கடலடியில் வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாகக் கிடைத்தன. பையோடு இறுகிப்போன அந்தக் காசுகள் ஔரங்கசீப் சக்கரவர்த்தியின் காலத்தில் சூரத் நகரில் அடிக்கப்பட்டவை. அவற்றிலும் அச்சு பெரிது, துண்டு சிறிது. எழுத்து பாரசீகம், ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1702. ஸ்பானியக் காசின் ஓர் எழுத்துக்காக நான் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு படத்தை நெடுநேரம் பார்க்க வேண்டியிருந்தது. சூரத் காசிலோ, குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் என் தங்கை எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்டாள்.