குடத்தின் கழுத்தில் ஒரு பெயர்

மாசி மகத்தன்று எங்கள் திருவண்ணாமலை அண்ணாமலையார் பள்ளிகொண்டாபட்டுக்குக் கிளம்புவார், வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்க. 1340-களில் மதுரை சுல்தானோடு மோதி மாண்ட போசள மன்னர் மூன்றாம் வல்லாளர்தான் அவர். பிள்ளையில்லாத ராஜாவுக்குச் சாமியே பிள்ளையானார் என்பது தலக்கதை.

சாமியே திதி கொடுக்கும் திருவண்ணாமலையில் பிறந்த எனக்கு என் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், மகாளய அமாவாசையன்று அய்யங்குளக் கரையில் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். ஆண்கள் பெயர் தடங்கலின்றி வந்தது. அம்மா, பாட்டி. அதற்கு மேல் வாய் எழவில்லை. “பரவால்ல, உறவைச் சொல்லிக்கலாம்” என்று அவர் எள்ளைக் கையில் போட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

பேகோபுரத் தெருவில் இருக்கும் அத்தைக்கு எண்பத்து நாலு வயது. கேட்டேன். “ஆயாவ யாருடா பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க? ஆயான்னா ஆயாதான்.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “பரண்மேல ஒரு பித்தளைக் குடம் கெடக்குது பாரு. அது ஆயா பொறந்த வூட்டு சீரு.”

புளி போட்டுத் தேய்த்தோம். பச்சைக் களிம்பு விட்டு, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது. ‘சி.’ என்ற முதலெழுத்து. பிறகு, எங்கள் ஊர் அம்மனின் பெயரே அவளுக்கும். அத்தை அந்தப் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் பெயரும் வயதும் தகப்பன் பெயரும் ஊரும் அங்குள்ள ஏடுகளில் இருக்கின்றன, பெண்கள் உட்பட. அதை வைத்துத்தான் டர்பன் தமிழர்கள் இன்றும் ஊர் தேடி வருகிறார்கள். கடல் கடந்த பெண்ணுக்கு ஏட்டில் இடம் இருந்தது. வீட்டோடு இருந்த எங்கள் ஆயாவுக்கு இந்தக் குடம்தான்.

பெயர் கிடைத்தது, ஊர்? தாத்தா கல்யாணத்து மொய் நோட்டை அத்தை துணியில் சுற்றி வைத்திருந்தார். முதல் வரி தாய்மாமன், அதாவது ஆயாவின் கூடப்பிறந்தவர். வேட்டவலம், ஐந்து ரூபாய். அவர் பெயருக்கு முன்னாலும் அதே ‘சி.’! குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நமக்கு இந்த ஓரெழுத்துதான் நூல் பிடித்துப் போக உதவுகிறது.

தேடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெட்டியிலிருந்த பழைய கிரயப் பத்திரத்தில் ‘தென் ஆற்காடு ஜில்லா’ என்றிருந்ததும் யாருடையதோ என்று ஒதுக்கிவிட்டேன். அது தப்பு. தென் ஆற்காட்டில் இருந்த திருவண்ணாமலை தாலுகா 1911-இல்தான் வட ஆற்காட்டோடு சேர்ந்தது. தனி மாவட்டமானது 1989-இல். நூறு வருஷத்துக்குள் மூன்று மாவட்டம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனாலும் எந்த வருஷத்துக்கு எந்த ஜில்லா என்று தெரிந்துகொண்டு போங்கள். பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று எழுதுவார்கள். ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இது யார் கொண்டுவந்த பாத்திரம், எந்த ஊரிலிருந்து சீர் வந்தது என்று கேளுங்கள்.

மொய் எழுதிய மாமன் பெயரில் வேட்டவலத்தில் நிலம் இருந்ததாம். பத்திர நகல் கேட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டிருக்கிறேன். அந்த ‘சி.’ சின்னசாமியா, சிதம்பரமா? அத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் பண்ணிக் கேட்கிறார்.