ஸ்கானுக்கு முன் அந்தத் தண்ணீரைக் குடிப்பது எதற்கு?

சிறுகுடலைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு வரும்படி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா? ஒரு மணித்தியாலம் முன்னதாக வரச்சொல்லியிருந்தால், அந்த நேரம் குடிப்பதற்கு. 1 முதல் 1.5 லீற்றர் வரை தருவார்கள். ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

பலர் இதை நோய்க்கான மருந்து என்று நினைத்து, "பாதி குடிச்சாச்சு, காணும்தானே" என்று வைத்துவிடுகிறார்கள். இது மருந்தல்ல, படம் தெளிவாக வருவதற்கானது. சைக்கிள் ரியூப்பில் ஓட்டை தேடுவதற்கு முதலில் காற்றடிக்கிறோம் அல்லவா? வெறுங்குடலும் காற்றுப் போன ரியூப் மாதிரி மடிந்து ஒட்டிக் கிடக்கும். சாதாரணத் தண்ணீர் குடித்தால் உடம்பு வழியிலேயே உறிஞ்சிவிடும். ஆகவே மனிற்றோல், பொலிஎதிலீன் கிளைக்கோல் போன்ற, குடல் லேசில் உறிஞ்சாத ஒன்றைக் கரைத்துத் தருகிறார்கள். நீர் உள்ளே தங்கிக் குடலை விரிக்கும். குரோன்ஸ் நோயால் சுவர் தடித்திருக்கிறதா, வழி ஒடுங்கியிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பாதியில் நிறுத்தினால், சுருங்கிய இடம் நோயா வெறும் மடிப்பா என்று டொக்டருக்குச் சந்தேகம் வரும். பிறகு திரும்பவும் ஸ்கான், திரும்பவும் காத்திருப்பு.

(பித்தக்குழாய் ஸ்கானுக்குச் சில இடங்களில் அன்னாசிச் சாறு கொடுப்பார்கள். பகிடியல்ல! அதிலுள்ள மங்கனீசு, இரைப்பையிலுள்ள நீரைப் படத்தில் கறுப்பாக்கி மறைத்துவிடும்.)

குடித்தபின் வயிற்றோட்டம் வரலாம். பயப்பட வேண்டாம், தானாக நிற்கும். தூரத்துப் பஸ் என்றால் சற்று இருந்துவிட்டுப் புறப்படுங்கள். குடல் அசையாமலிருக்க ஊசி போட்டால் கண் கொஞ்ச நேரம் மங்கலாம், தெளியும்வரை கார் ஓட்டக்கூடாது. சாப்பிடாமல் வரச்சொல்வார்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் என்ன செய்வதென்று முதலே கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொன்று. ஸ்கான் இயந்திரம் பெரியதொரு காந்தம். உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால், சின்னதுதானே என்று விடாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். கண்ணுக்குள் இருந்தால் மிகவும் ஆபத்து. அது எப்படி வந்ததென்று விளக்கத் தேவையில்லை, எங்கே இருக்கிறது என்பதே அவர்களுக்கு வேண்டும். தேவையென்றால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லக் கஷ்டமா? கடிதத்திலுள்ள இலக்கத்துக்கு அழைத்து, "தமிழ் இன்ரப்பிரிட்டர்" வேண்டும் என்று கேளுங்கள். பிரித்தானிய என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளில் அதற்குக் காசில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மறித்துக் கூட்டிப்போக வேண்டாம்.