நஞ்சும் நாமும் – 17: கோடியில் ஒரு பங்கு

பாட்டில் தண்ணீரில் பூச்சிமருந்து இருந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 2003 பிப்ரவரியில் அந்த அறிக்கையை வெளியிட்ட டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்துக்கு அடுத்த கேள்வி தானாகவே வந்து நின்றது. விற்பனைத் தண்ணீரிலேயே மருந்து என்றால், பெரும்பகுதி தண்ணீரே ஆன கலரில்?

ஆகஸ்ட் 5ஆம் தேதி, மையத்தின் இயக்குநர் சுனிதா நாராயண் பதிலோடு பத்திரிகையாளர்கள் முன் வந்தார். டெல்லியில் விற்கும் 12 வகைக் குளிர்பானங்களைச் சோதித்திருந்தார்கள். பெயர்தான் பன்னிரண்டு; எல்லாம் பெப்சி, கோகோ கோலா என்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகள். லிண்டேன், டிடிடி, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய நான்கு மருந்துகள் அவற்றில் இருந்தன. டிடிடியை வயலில் அடிப்பதற்கு இந்தியாவில் 1989லேயே தடை வந்துவிட்டது. கொசு ஒழிப்பு போன்ற பொதுச் சுகாதார வேலைகளுக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. ஆனால் தடை உத்தரவு மண்ணுக்குத் தெரியாது. டிடிடி பல ஆண்டுகள் சிதையாமல் கிடக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிநீர் அளவோடு ஒப்பிட்டால், பெப்சி வகைகளில் சராசரியாக 36 மடங்கு, கோகோ கோலா வகைகளில் 30 மடங்கு மருந்து இருந்ததாக அறிக்கை சொன்னது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்த அதே பெயர் பானங்களையும் சோதித்தார்கள். அவற்றில் ஒன்றும் இல்லை.

இந்த '36 மடங்கு' நாடெங்கும் பற்றிக்கொண்டது. நாடாளுமன்ற வளாகத்தில் கோலா விற்பனை நின்றது. சந்தையில் ஒருவரையொருவர் விழுங்கப் பார்த்த இரண்டு நிறுவனங்களின் தலைவர்களும் ஒரே மேடையில் அருகருகே உட்கார்ந்து மறுத்தார்கள். அந்தக் காட்சிக்காகவே அந்த ஆகஸ்ட்டை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 36 மடங்கு என்றால் என்ன? ஐரோப்பிய விதிப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் எந்த ஒரு பூச்சிமருந்தும் 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 0.1 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு. 1980இல் இந்த அளவை வைத்தபோது, எந்த மருந்து எந்த அளவில் யாருக்கு என்ன கெடுதல் செய்யும் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு வைக்கவில்லை. குடிநீரில் பூச்சிமருந்து இருக்கவே கூடாது என்பது கொள்கை. அன்றைய கருவிகளால் கண்டுபிடிக்க முடிந்த மிகக் குறைந்த அளவு எதுவோ, கிட்டத்தட்ட அதையே எல்லையாக்கினார்கள். ஆகவே 36 மடங்கு தாண்டினால் 36 மடங்கு ஆபத்து என்று பொருளில்லை. ஒரு பாட்டில் குடித்தவர் அன்றே சுருண்டு விழப்போவதுமில்லை. நம் தொலைக்காட்சிகள் போட்ட கூச்சலில் இந்த வேறுபாடு காணாமல் போனது. நிறுவனங்களுக்கோ அது வசதியாகிவிட்டது, 'யாராவது செத்தார்களா?' என்ற தொனியிலேயே பேச முடிந்தது.

சாவு அல்ல இங்கே கேள்வி. சின்ன அளவில், பல வழிகளில், பல ஆண்டுகள் உள்ளே போகும் மருந்தைப் பற்றிய கேள்வி இது. லிண்டேன் நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்றே வகைப்படுத்தியது. டிடிடியையும் மாலத்தியானையும் அநேகமாகத் தரக்கூடியவை என்றது. குளோர்பைரிபாஸ் வளரும் குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது பற்றிய கவலை இன்றும் தீரவில்லை. கோலா குடிப்பவர்களில் குழந்தைகளும் உண்டு.

'பாலிலும் காய்கறியிலும் இதைவிட அதிகம் இருக்கிறதே' என்று நிறுவனங்கள் கேட்டன. உண்மைதான், இருக்கிறது. ஆனால் பாலில் இருக்கும் மருந்தோடு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வருகின்றன. கோலாவில் என்ன வருகிறது? 300 மில்லி பாட்டில் ஒன்றில் ஏறக்குறைய எட்டு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை ஒரே பாட்டில் தாண்டிவிடும். பூச்சிமருந்துக்குப் பயந்த நாடு சர்க்கரைக்குப் பயப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அரசு தன் பங்குக்கு மைசூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள தன் ஆய்வகங்களில் சோதித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் முடிவைச் சொன்னார். 12இல் 9 பானங்கள் ஐரோப்பிய அளவைத் தாண்டியிருந்தன, ஆனால் அறிக்கை சொன்ன அளவுக்கு அல்ல. அப்போது நடப்பிலிருந்த பாட்டில் தண்ணீர் விதிப்படி பார்த்தால் பாதுகாப்பானவையே. இரண்டு தரப்பும் தங்களுக்கே வெற்றி என்றன.

உண்மையில் யாரும் எந்தச் சட்டத்தையும் மீறியிருக்கவில்லை. மீறுவதற்குச் சட்டம் வேண்டுமே! குளிர்பானங்களை ஆண்டுகொண்டிருந்தது 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை. குளிர்பானத்தில் பூச்சிமருந்து எவ்வளவு இருக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. செயலூட்டிய கரி வடிகட்டியைச் சரியாகப் பராமரித்தாலே நிலத்தடி நீரிலுள்ள இந்த மருந்துகளில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். அமெரிக்க பாட்டில் சுத்தமாக இருந்ததில் மந்திரம் எதுவுமில்லை. இங்கே யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது. அதற்கு முன் அப்படிப்பட்ட குழுக்கள் போஃபர்ஸுக்கும் பங்குச்சந்தை ஊழல்களுக்கும்தான் அமைந்திருந்தன. 2004 பிப்ரவரி 4ஆம் தேதி வந்த அறிக்கை, மையத்தின் கண்டுபிடிப்பு சரியே என்றது. குளிர்பானத்துக்குத் தனித் தர அளவு வேண்டும் என்றது.

அதே ஆண்டு சத்தீஸ்கரில் ஒரு வேடிக்கை. நெல்வயலில் விவசாயிகள் பெப்சியும் கோக்கும் தெளிக்கிறார்கள், பூச்சி சாகிறது என்று செய்தி வந்தது. 'பார்த்தீர்களா, அத்தனையும் மருந்து!' என்று ஊரே கைதட்டியது. சர்க்கரைக்கு எறும்பு வந்திருக்கும், அது புழுக்களைத் தின்றிருக்கும் என்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் தந்த விளக்கம். இவ்வளவு சின்ன அளவு மருந்தால் வயல் பூச்சி சாகாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் கூடிக் கூடிப் பேசி 2005 அக்டோபரில் ஒரு தர அளவை இறுதி செய்தது. அது அறிவிக்கப்படாமலே கிடந்தது. 2006 ஆகஸ்டில் மையம் மறு சோதனையின் முடிவை வெளியிட்டது. இம்முறை 12 மாநிலங்கள், 25 ஆலைகள், 57 மாதிரிகள். முதல் ஆய்வின் முறையில் நிறுவனங்கள் குறை கண்டிருந்ததால், மருந்து இன்னதுதான் என்று உறுதிசெய்ய நிறை நிறமாலைக் கருவியும் இருந்தது. கிடப்பில் இருந்த அந்த இந்திய அளவைப் போலச் சராசரியாக 24 மடங்கு.

இதையடுத்துக் கேரளத்தில் அச்சுதானந்தன் அரசு பெப்சி, கோக் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்தது. அதற்கான அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று செப்டம்பரிலேயே உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது.

தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின், 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. உள்ளூர்ப் பானமான பொவண்டோவுக்கு மவுசு வந்தது. உள்ளூர்க்காரர் பிழைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கோபம் இந்த ஆலைகள் எடுக்கும் ஆற்றுநீரைப் பற்றியது. பூச்சிமருந்தைப் பற்றியது அல்ல. நிலத்தடியில் மருந்து இருந்தால் அது முதலாளியின் ஊரைக் கேட்டு பாட்டிலுக்குள் போவதில்லை. டெல்லியில் 2003இல் கேட்ட அதே கேள்வியை நம் ஊர் சோடாவிடமும், அதற்குத் தண்ணீர் தரும் போர்வெல்லிடமும் கேட்டாக வேண்டும்.

கேரளத் தடைக்குப் பின்னால் பாட்டிலுக்கு வெளியே நடந்த ஒரு கதையும் இருந்தது. பாலக்காட்டில், நம் எல்லையை ஒட்டிய பிளாச்சிமடையில், கோகோ கோலா ஆலைக் கழிவை 'உரம்' என்று வாங்கி விவசாயிகள் வயலில் போட்டார்கள். அதில் காட்மியமும் ஈயமும் இருந்ததை பிபிசி வானொலி வெளியே கொண்டுவந்தது, அதே 2003 ஜூலையில். ஆலையை எதிர்த்துப் போராடிய மயிலம்மாவின் அந்தக் கிராமத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)